ஷரோலே வாங்கினேன், ஒப்ராக் கன்று போட்டது

முதல் கன்று செத்துப் பிறந்தது. இறைச்சி மாடு வளர்க்கிற தொழிலில் அதற்குமேல் ஒரு பிழை இல்லை. கன்று உயிரோடு வெளியே வர வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. மாடு வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வைத்திருக்காதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளை நாகு

பாரிசில் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருந்தவன் நான். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, பாரிசுக்கு வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கினேன். மாடு தேடிப் போன இடத்தில் எல்லாவற்றிலும் பெரியது எது என்று கேட்டேன். ஷரோலே என்றார்கள். வெள்ளை வெளேரென்று, கோயில் நந்திக்கு உயிர் வந்தது மாதிரி, இன்னும் கன்று போடாத ஒரு நாகு நின்றது. விலை பேசக்கூட மனம் வரவில்லை. அது ஏற்கெனவே சினைப்பட்டிருந்தது. ஒரே விலையில் இரண்டு என்று சந்தோசப்பட்டேன்.

பக்கத்துப் பண்ணைக்காரன் பெர்னார் பரம்பரையாக மாடு வளர்க்கிறவன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். பெரிய இனம், முதல் கன்று, புதிய முதலாளி. மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அழகான மாடு, மெசியூ. மிருக வைத்தியரின் நம்பர் இருக்கிறதா?"

நிறைமாசக்காரிக்கு விருந்து

மாடு சினை என்ற கதை என் பழைய கடைக்குள் போனால் லா சப்பல் முழுக்கப் போன மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கட்டிக்கொண்டு வந்தார்கள். சும்மா வரவில்லை. சாப்பாட்டுக் கடையில் மிஞ்சின சோறு, பாண், வாழைப்பழச் சீப்பு, ஒருத்தி வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல். வாயும் வயிறுமாக நிற்கிற சீவனுக்கு வெறும் புல்லைப் போடலாமோ என்று என்னோடு சண்டை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நானே வாளி பிடித்தேன்.

மாடு தடித்தது. முதுகில் தட்டை வைத்துச் சாப்பிடலாம். சினை மாடு கொழுத்தால் கன்று வருகிற வழியிலும் கொழுப்புக் கட்டும், வழி ஒடுங்கும். இது எனக்குத் தெரிந்தது வைத்தியர் வயிற்றைக் கிழித்த அன்றுதான். கன்று ஒரு தடியன், மூச்சில்லை. தாய் தப்பியது. நான் தொழுவ வாசலில் குந்திக்கொண்டிருந்தேன். என் மனுசி அழவில்லை. பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்: "இன்னொரு கண்டு இப்பிடிப் போனால் காணியை வித்துப்போட்டு எபினேயிலை போய் இருப்பம். இதைப் பாக்க என்னாலை ஏலாது."

எபினேயில் எங்கள் வீடு நாலாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். அங்கே இருந்து நான் எதைப் பார்ப்பது?

பாவக் கணக்கு

அந்தக் கவலையோடு லா சப்பலில் ரூ பஜோல் தெருக் கோயிலால் வந்துகொண்டிருந்தேன். கந்தையா மறித்தான். பழைய வாடிக்கைக்காரன், நெற்றி நிறையத் திருநீறு.

"அண்ணை, இறைச்சிக்கெண்டு மாடு வளக்கிறியளாம். சைவக்காரர் செய்யிற வேலையோ?"

"ஓம், செய்யிறன். நீ இவ்வளவு காலமும் பிரெஞ்சுக்காரன்ரை குசினியிலை மாட்டிறைச்சி தானே வெட்டினனி?"

"அது வேலை அண்ணை."

"இதுவும் வேலைதான்."

கொஞ்சம் யோசித்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். கிட்ட வந்தான். "அடிக்கேக்கை எனக்கு ரெண்டு கிலோ வையுங்கோ அண்ணை. மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

மனுசியின் கேள்வி

என் மனுசிக்குப் பிரெஞ்சு என்னைவிடக் குறைவு. ஆனாலும் நேரே பெர்னாரிடம் போனாள். எது பெரியது, எது வெள்ளை என்று கேட்கவில்லை. எந்த மாடு ஆருடைய உதவியுமில்லாமல் கன்று போடும் என்று கேட்டாள். ஒப்ராக் என்றான். மலைநாட்டு இனம், கோதுமை நிறம், சின்னக் கன்று போடும், பாறைப் புல்லிலும் பிழைக்கும். ஷரோலேயை அவனே வாங்கிக்கொண்டான். அவனிடம் ஆளிருக்கிறது, அனுபவமிருக்கிறது. நாங்கள் சினைப்பட்ட ஒப்ராக் ஒன்றைக் கொண்டுவந்தோம். கொம்பைப் பார்த்து எனக்குப் பிடிக்கவில்லை. என்னை ஒருவரும் கேட்கவுமில்லை.

அடுத்த ஞாயிறு பைகளோடு வந்தவர்களைக் கேற்றடியில் மறித்தது அவள்தான். உள்ளே வரலாம், பை வரக்கூடாது. பொங்கல்காரி விடவில்லை.

"பிள்ளைத்தாச்சி மாட்டைப் பட்டினி போடுறியளோ அக்கா? பாவமல்லோ!"

மனுசி பாத்திரத்தை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். அங்கேயே நின்று ஒரு கரண்டி சாப்பிட்டாள். "பாவம் முழுக்க என்னோடை போகட்டும். முந்திரியப் பருப்பு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

பெர்னாரின் கோப்பி

நாள் வந்தது. காலையிலேயே மாடு மேய்ச்சலை விட்டு ஒதுங்கியது. நான் பெர்னாரைக் கூப்பிட்டேன். கன்று இழுக்கிற சங்கிலியோடு வந்தான். வைத்தியருக்கும் சொல்லி வைத்தேன். மனுசி ஒரு பக்கம் சாமி படத்துக்கு முன்னால். நான் மற்றப் பக்கம் காணி விற்கிற விளம்பரத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டு. பெர்னாருக்குக் கோப்பி ஊற்றினேன்.

வெளியே போய்ப் பார்த்தால் மாட்டைக் காணவில்லை. வேலிப் பற்றைக்குப் பின்னால் நின்று எதையோ நக்கிக்கொண்டிருந்தது. கன்று. ஈரம் காயவில்லை. பின்னங்காலை ஊன்றியது, விழுந்தது, திரும்ப ஊன்றியது, மடியைத் தேடிப் பிடித்தது. மனுசி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பெர்னார் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டான்.

"மெசியூ, அடுத்த முறை கோப்பிக்கென்றே கூப்பிடுங்கள். இதைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன்."

இப்போது மாடுகள் பெருகிவிட்டன, பார்க்க வருகிறவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், நானும் குலுக்குகிறேன், ஆனால் இதையெல்லாம் நேராக்கினது இராசமணி, என் மனுசி.