எனக்கு நானே போட்ட நாலு மார்க்

பிளஸ் ஒன் மெக்கானிக்கல் குரூப்பில் ஒரு சாமானைச் செய்வதுகூட லேசு. அதற்கு எப்படி மார்க் போடுவது என்று திட்டம் போடுவதுதான் முதுகை ஒடிக்கிற வேலை. செய்முறை மார்க்குக்காகச் சட்டையில் வெல்டிங் பொறி வாங்கிய அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள்.

அடிக்குப் பதில் சாக்பீஸ்

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் மெக்கானிக்கல் மிஸ் குரலில், "ஃபினிஷிங் இல்லலே, ரெண்டு மார்க் கட்!" என்று நான் எல்லோருக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. திரும்பினால், மிஸ்.

ஆளுக்கொரு சாமான் செய்ய வேண்டும், மொத்தம் இருபத்தைந்து மார்க். பதினைந்துக்குக் கீழே போனால் லீவில் வந்து மறுபடி செய்ய வேண்டும். அந்த மார்க்கை எதெதற்கு எவ்வளவு என்று பிரிப்பது இனி என் பொறுப்பாம். சாக்பீஸை என் கையில் வைத்தார். "என் குரல் ஒனக்கு வருதுல்லா? பொறவு என் வேலையையும் நீயே பாரு."

என் திட்டம்

வரைபடத்துக்கும் தோற்றத்துக்கும் பத்து. மீதிப் பதினைந்து, சாமானை ஒரு வாரம் பயன்படுத்திய வெளியாளின் கையில். மிஸ் அவருக்குப் போன் போட்டு, நான் எழுதிய கேள்விகளைக் கேட்டு மார்க் வாங்க வேண்டும். போன் என்றால் குரல்தானே!

நான் செய்தது மாங்காய் பறிக்க வலை வைத்த தொரட்டி. கம்பு, ராஜபாளையம் பழைய இரும்புக் கடைப் பைப். பயன்படுத்தியவர், கான்சாபுரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமா என்று எழுதி, பக்கத்தில் என் அண்ணனின் ரெண்டாவது சிம் நம்பரைப் போட்டேன். தொரட்டி எங்கள் வீட்டுப் பரணைத் தாண்டவே இல்லை. முதல் பெஞ்சு மகாலட்சுமிக்கு மட்டும் மூக்கில் வேர்த்துவிட்டது. "ஏலே, பரீட்சையும் எழுதி நீயே திருத்தப் போறியோ? எங்களையும் சேத்துக்கோ."

மாமா பேசுகிறார்

காய்ச்சல் என்று வீட்டில் இருந்தேன். அண்ணனின் போன் அடித்தது. கன்னத்தில் ரெண்டு பாக்கை ஒதுக்கிக்கொண்டு மாமா ஆனேன். "கம்பு தூக்கத் தோதா இருக்காய்யா?" என்று மிஸ் முதல் கேள்வியைக் கேட்டார்.

பிரமாதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மாமா ஜென்மத்தில் எதையும் பாராட்டியவர் இல்லை. பாராட்டினால் அது மாமா குரலே கிடையாது. "என்னத்தச் சொல்ல டீச்சரம்மா! எம்புட்டுக் கனம்! நாலு மரத்துல கழுத்து சுளுக்கிட்டு. வலைக்கு வாய் சின்னது, எலை உள்ள வருது, காய் வெளிய போவுது." மிஸ் விழுந்து விழுந்து சிரிக்க, எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கடைசியில் மார்க் கேட்டார். "சின்னப்பய, பாவம். நாலு போட்டுக்கோங்க." லீவு கடைசி நாளில் பள்ளிக்கூடம் வர முடியுமா என்று மிஸ் கேட்டதற்கும் அதே உற்சாகத்தில், "அதுக்கென்ன, வாரேன்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். வரைபடத்துக்கும் தோற்றத்துக்கும் முழுசாகப் பத்து வந்தாலும் பதினாலு! அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏலே, ஒரு மார்க்கு கூட்டிச் சொன்னா ஒன் மாமா வாய் வலிச்சிருமா?"

பதினாலு

மறுநாள், "அவுக சும்மா குறை சொல்ற ஆளு மிஸ்" என்று கெஞ்சினேன். தொரட்டியைச் செத்த நேரம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கழுத்து நிஜமாகவே சுளுக்கிக்கொண்டது.

மிஸ் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "அவிய சொன்னபடி லீவுல மாத்திச் செய்யி. கடைசி நாள் அவியளையும் வரச் சொன்னேன், வாரேன்னு ஒத்துக்கிட்டாவ. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, போட்டோ எடுக்கணும்."

ஒரே ஆள் ரெண்டு பேராக வந்து நின்றால் எத்தனை மார்க் என்று என் திட்டத்தில் நான் எழுதாமல் விட்டுவிட்டேன்.