ஒரு கை தூரம்

எங்கள் அமெரிக்க மேலாளருக்கும் எனக்கும் நடுவே எப்போதும் ஒரு கை நீள இடம் காலியாகக் கிடக்கும். அது அவருடைய இடம், வேலி போடாத பட்டா நிலம். பேச்சு சுவாரஸ்யத்தில் நான் ஓரடி நெருங்கினால் அவர் ஓரடி பின்வாங்குவார். விலகினால் கூடவே வருவார். நேரமும் அப்படித்தான். கொடுத்த பத்து நிமிடம் தீர்ந்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை வாசலில் பேச ஆரம்பித்து, முடிக்கும்போது இருவரும் டீ மெஷின் பக்கம் நின்றிருந்தோம்.

"என்னப்பா, மாட்ட ஓட்டுற மாதிரி அந்த மனுசன ஓட்டிக்கிட்டே போற?" என்றான் மன்னார்குடிக்காரனான என் அறைத் தோழன்.

சவூதியின் ஜுபைலில், எங்கள் வேலையிடத்தில், குளிர்காலக் காலைகளில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். அப்படியொரு காலையில் பிளான்ட்டின் மேல்தளத்தில் அவர் எதிரே நின்றேன். கம்ப்ரஸர் இரைச்சல். இருவர் காதிலும் அடைப்பான். அவர் முதுகுக்குப் பின்னால், தரையிலிருந்து நீராவி சத்தமில்லாமல் சதுரமாக எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ தரைத் தகடு ஒன்றைக் கழற்றியிருக்கிறார்கள். தடுப்பைக் காணோம்.

கத்தினேன். கேட்கவில்லை. பிடிக்கலாமென்று ஓரடி வைத்தேன். அவர் ஓரடி பின்னால் போனார். கையை நீட்டிக் காட்டினேன். தொடப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தபடி இன்னும் ஓரடி. கடிகாரத்தைத் தட்டினார். காப்பாற்றப் போன நானே அவரைத் தொடாமல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நின்றேன். முக்கியமாக ஏதோ சொல்வதுபோல வாயை அசைத்துக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தேன். 'வாய்யா, வந்து தொலை' என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் முகம் சுளித்தார். பிறகு, கயிறு கட்டி இழுத்ததுபோல, ஓரடி முன்னால் வந்தார். நான் இன்னொன்று வைத்தேன். அவரும் வைத்தார்.

ஓட்டையிலிருந்து நன்றாக விலகி வந்ததும் பாய்ந்து முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன். அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே வெள்ளையாக ஆவி மட்டும்தான் தெரிந்தது.

பிறகு என்னிடம் வந்தார். மூக்கு இடிக்கும் நெருக்கத்தில் நின்றார். அவர் மூச்சு என் கன்னத்தில் பட்டது. கண் இமைக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நகரவும் இல்லை. பயமாக இருந்தது. நான்தான் பின்வாங்கினேன், தகடு இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துவிட்டு.