என் பாட்டுக்கு வந்த சீட்டு

பத்தொன்பது வருடமாக ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறேன். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் என் குரலைக் கேட்காமல் காது குத்திக்கொண்ட பிள்ளைகள் குறைவு. ஆனால் நான் பாடுவதெல்லாம் சினிமாவில் வேறு யாரோ பாடியவை. பொறுக்க முடியாமல் போன வருடம் சொந்தமாக ஆறு பாட்டு போட்டு, ஆல்பம் என்று யூடியூபில் ஏற்றினேன். கேட்டது யார் என்கிறீர்கள்? நான், லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர், அப்புறம் ஆலத்தியூரில் சிமெண்ட் லோடுக்கு வரிசையில் நிற்கும்போது அவரிடம் மாட்டிக்கொண்ட டிரைவர்கள்.

ஒரு தடவையாவது அதை மேடையில் பாடிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. குழுவை நடத்தும் அண்ணன் மசியவில்லை.

"தெரியாத பாட்டு பாடுனா ஜனம் பந்திக்கு எந்திரிச்சிரும் தங்கச்சி. காலி நாற்காலிக்குத்தான் பாடணும்."

கூட்டத்திலிருந்து சீட்டு எழுதிக் கேட்டால் மட்டும் எந்தப் பாட்டையும் மறுக்க மாட்டார். அது அவர் வைத்த சட்டம்.

அரியலூரில் ஒரு காதணி விழா. மதியம் மேடைக்கு ஒரு சீட்டு வந்தது. என் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டைக் கேட்டிருந்தது! உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையெழுத்தைப் பார்த்ததும் சிலிர்ப்பு இறங்கிவிட்டது. அப்படிக் கோணல்மாணலாக எழுதுகிற ஆளுக்குத்தான் நான் தினமும் சோறு போடுகிறேன். கடைசி வரிசையில் மின்விசிறியைப் பார்த்தபடி ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. இருந்தாலும் சட்டம் சட்டம்தானே.

"பாடும்மா, பாடு" என்று சிரித்தார்.

முதல் சரணம் முடிவதற்குள், இலை போட்டாயிற்று என்று யாரோ சொல்ல, மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது. மிச்சம் இருந்தது தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் என் வீட்டுக்காரரும்தான். எனக்கு அழுகை முட்டியது, கோபமும் வந்தது. நிறுத்தினால் அண்ணன் சொன்னது சரியாகிவிடுமே என்று வீம்புக்குப் பாடி முடித்தேன்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து, பரிமாறுகிற அக்கா ஒருவர் சாம்பார் வாளியோடு மேடைக்கே வந்துவிட்டார்.

"ஏங்க, இது எந்தப் படத்துப் பாட்டு? உள்ள சாப்புடுறவங்க கேக்குறாங்க."

"படம் இல்லக்கா. நானே போட்ட பாட்டு."

உள்ளே போனவர் உடனே திரும்பி வந்தார்.

"அடுத்த பந்தி உக்காரப் போவுது. அவங்களும் கேக்கட்டும், இன்னொரு தடவ பாடச் சொல்றாங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. மைக்செட்காரரைக் கூப்பிட்டார்.

"யோவ், அந்த ஸ்பீக்கர்ல ஒண்ண பந்திப் பக்கம் திருப்பி வைய்யா."