அக்கா முதலில் கேட்டது வலிக்கு மருந்து

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய நோயைப் பற்றி ஒரு தம்பி எழுதலாமா என்று வீட்டில் தயங்கினார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சிலர், "பிள்ளை இல்லாத ஏக்கத்துலயே போயிட்டா" என்று சொன்னதைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா பிறந்தது பாளையங்கோட்டையில். அப்பாவின் உத்தியோகத்தால் வளர்ந்தது நாட்டின் தலைநகரில், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில். அங்கே மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்து, மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தரானார். மாதாமாதம் மூன்று நாள் வெந்நீர்ப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டு கிடப்பார். "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்" என்பார் அம்மா. நானும் அப்படியே நம்பினேன்.

கல்யாணமாகி நான்கு ஆண்டுகள் குழந்தை இல்லை. ராணுவத்தில் இருந்த அத்தான் அப்போது எல்லையில். மருத்துவமனைக்கு நான்தான் உடன் போனேன். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியேயும் வளர்ந்திருக்கிறது, அதன் பெயர் எண்டோமெட்ரியோசிஸ் என்று அங்கேதான் தெரிந்தது. டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். வயிற்றில் சிறு துளையிட்டு, லேசரால் அந்தத் திசுவையும் சினைப்பைக் கட்டியையும் எரித்துவிடலாம். வலி குறையும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடலாம், ஆனால் கருமுட்டைகள் குறைந்துபோகவும் கூடும். இல்லையென்றால், முதலில் சோதனைக் குழாய் முறையில் குழந்தைக்கு முயலலாம்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "எனக்கு வலிக்குடே. மொதல்ல லேசர் பண்ணிருவோம்."

"முட்டை கொறஞ்சு போச்சுன்னா பொறவு பிள்ளைக்கு எங்க போக? உன் மாமியார் என்ன சொல்லுவாக? மொதல்ல பிள்ளையப் பாப்போம்க்கா" என்றேன். அத்தானுக்கும் போன் செய்து அதையே சொன்னேன்.

"அச்சா, சரி" என்றார் அக்கா.

இரண்டு ஆண்டுகள் ஊசிகள். மூன்று முறை முயன்றும் கரு தங்கவில்லை. ஒருநாள் அலுவலகத்தில் வலி தாங்காமல் மயங்கி விழுந்தார். லேசர் சிகிச்சைக்குப் போனபோது திசு குடலோடு ஒட்டியிருந்தது. ஐந்து மணி நேரம் ஆயிற்று. முன்பே செய்திருந்தால் இவ்வளவு பரவியிருக்காதா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

சில மாதங்கள் கழித்து அக்கா, "இந்த மாசம் லீவே போடலடே!" என்றார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. பிள்ளைப் பேச்சை அவரும் அத்தானும் பிறகு எடுக்கவே இல்லை. லேசர் சிகிச்சைக்கு ஆறு ஆண்டுகள் கழித்து அவரைக் கொண்டுபோனது ஐந்து நாள் டெங்குக் காய்ச்சல். ஏக்கம் அல்ல.

அந்த ஐந்து நாளும் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற அலுவலகத் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், கடைசிவரை கையை விடாமல் பிடித்திருந்த அத்தானுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு ஆறு ஆண்டுகள் இருந்தன.

— தம்பி