அரசாங்கத்துப் பித்தளை

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு வருஷத்துக்கு மேலாக அரசாங்கத்தின் முத்திரை ஒன்று இருந்தது. முழுக்கப் பித்தளை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அடிப்பாகத்தில் சில எழுத்துகளும் ஓர் எண்ணும், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி வெட்டப்பட்டிருந்தன. என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் விளக்குகிறவர். இருவரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அப்படி ஒரு வீட்டை நம்பி அரசாங்கம் தன் பொருளைக் கொடுத்து வைத்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

நான் திருச்சியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டார். மறுநாள் விடியற்காலையில் ஒரு குழுவோடு போக வேண்டும், எங்கே என்று கேட்கக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது என்றார். மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் ஒரு வீட்டைச் சோதனை போடும்போது, வழக்குக்குச் சம்பந்தமில்லாத அரசு ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சிகளாக உடன் வைத்துக்கொள்வார்கள். எடுத்ததை எடுத்தபடி பார்த்து, மகஜர் என்கிற கைப்பற்றல் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கோர்ட்டில் வந்து சொல்லவும் வேண்டும். அதனாலேயே எங்கள் அலுவலகத்தில் யாரும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

“மாட்டுனியா தம்பி? இனிமே நீ ரிட்டயர் ஆகுற வரைக்கும் கோர்ட்டுப் படிக்கட்டுதான்” என்று பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். எனக்கோ, சட்டையை எத்தனை தடவை இஸ்திரி போட்டும் திருப்தி வரவில்லை.

வண்டி போய் நின்ற இடம் ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டுக்கார மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரிகளைப் பார்த்ததும் மாவுக் கையோடு எழுந்து நின்றார்.

“மாடியில இருக்கறவாளைப் பாக்கணுமா? ரொம்ப சாதுவான பிள்ளைகளாச்சே! ஏதோ கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னா. செருப்புச் சத்தம்கூடக் கேக்காது.”

குழுவுக்குத் தலைமை ஒரு பெண் இன்ஸ்பெக்டர். “வேற என்ன சத்தம் கேக்கும் மாமி?” என்றார்.

“ஃபேன் சத்தம்தான். ராப்பகலா ஓடிண்டே இருக்கும். கரண்ட் பில்லைப் பாத்தா, ரங்கநாதா! நான் கேட்டா, மிஷின் சூடாயிடும் மாமிங்கறா.”

மாமி சொன்ன மிஷின் மாடியில் இருந்தது. அந்த அறையில் பாய் தலையணைகூட இல்லை. ஒரு மேஜைமேல் கறுப்புப் பெட்டிகள். முதுகெல்லாம் குட்டிக் குட்டி ஆன்டெனாக்கள் குத்திட்டு நின்றன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சிம் கார்டுகள் வரிசை வரிசையாகச் செருகியிருந்தன. இரண்டு பையன்கள் சுவரோரம் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் என் வயதுதான் இருக்கும்.

“எங்கேயோ வெளிநாட்டுல உக்காந்து பேசுறான் தம்பி. இந்தப் பெட்டி வழியா வந்தா நம்ம ஊர் நம்பராத் தெரியும்” என்று இன்ஸ்பெக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். அப்படி வந்த ஒரு அழைப்பு உறையூரில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் போயிருக்கிறது. நாங்கள் போலீஸ், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே உங்களைக் கைது செய்திருக்கிறோம், போன் கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது என்று மிரட்டியிருக்கிறார்கள். நாள் கணக்கில் அந்த மனிதர் போன் முன்னால் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். குளிக்கப் போகக்கூட அனுமதி கேட்டாராம். ஆயுள் முழுக்கச் சேர்த்ததெல்லாம் போன பிறகுதான் மகளிடமே சொன்னார்.

“போலீஸுன்னு சொல்லித்தான் அவரை ஏமாத்தியிருக்கான். அதனால நிஜப் போலீஸ் செய்யுற வேலையில ஒரு சந்தேகம் வரக் கூடாது” என்றார் இன்ஸ்பெக்டர். அதற்குத்தான் நாங்கள்.

ஒவ்வொரு பெட்டியையும் எங்கள் கண் முன்னால் துணியில் சுற்றித் தைத்தார்கள். தையல்மேல் அரக்கை உருக்கி விட்டு, சூடு ஆறுவதற்குள் அந்தப் பித்தளை முத்திரையால் அமுக்கினார்கள். மகஜரின் கடைசிப் பக்கத்திலும் அதே முத்திரையின் பதிவு ஒன்றை எடுத்து, பக்கத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் முத்திரையைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“இது இனிமே உங்ககிட்டதான் இருக்கணும். கோர்ட்டு கேக்குறப்ப கொண்டு வரணும்.”

“என்கிட்டயா மேடம்? உங்க முத்திரை ஆச்சே?”

“எங்க கையில இருந்தா, கட்டைப் பிரிச்சு எதையாவது உள்ள வெச்சுத் திரும்பவும் முத்திரை குத்திட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா? கட்டு எங்ககிட்ட, முத்திரை உங்ககிட்ட. ரெண்டும் கோர்ட்டுலதான் சந்திக்கணும்.”

இன்னொரு சாட்சி ஓய்வுபெறும் வயதிலிருந்தவர். “தம்பிக்குச் சின்ன வயசு. பத்திரமா வெச்சுக்குவாப்ல” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டார்.

டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினேன். முத்திரை சட்டைப்பையில். வலது கை அதன்மேல். காவிரிப் பாலத்தில் கண்டக்டர் வந்தபோது இடது கையால் காசை நீட்டினேன். “ஏன் தம்பி, சோத்துக் கை சும்மாதானே இருக்கு?” என்று அவர் திட்டியது அந்த பஸ் முழுக்கக் கேட்டது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

எங்கள் வீடு பாலக்கரையில். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். தொலையக் கூடாது, யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றேன்.

“அவ்வளவு பெரிய கவர்மெண்டுக்கு இதை வெக்க ஒரு எடமில்லையா?” என்றார் அப்பா.

“ஊரெல்லாம் தேடிப் பாத்து, எம் புள்ளதான் யோக்கியன்னு குடுத்திருக்காங்க. உனக்கு யாராவது ஒரு ஆணி குடுத்து வெப்பாங்களா?” என்றாள் அம்மா. கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் என் சான்றிதழ்களுக்குப் பின்னால் வைத்தோம். சாவி அம்மாவின் முந்தானையில்.

தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பிழைப்புக்கான சாமான்கள் எல்லாவற்றையும் சுத்தம் செய்து சாமி முன்னால் வைப்போம். அப்பாவின் மூட்டைக் கொக்கி, அம்மாவின் அரிவாள்மனை. படித்த காலமெல்லாம் என் பங்குக்குப் புத்தகமும் பேனாவும் இருக்கும். அலுவலகத்துப் பூஜையில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலத்தோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, கொக்கிக்கும் அரிவாள்மனைக்கும் நடுவில், ஒரு வெற்றிலைமேல், தங்கம்போல ஜொலித்துக்கொண்டிருந்தது முத்திரை. சந்தனமும் குங்குமமும் இட்டு, மேலே ஒரு சாமந்திப்பூ.

“அம்மா, இதை என்ன பண்ணுன?”

“கறுத்துப் போயி கெடந்துச்சு சாமி. கவர்மெண்டுச் சாமானை அப்படியேவா வெக்கிறது? புளியும் உப்பும் போட்டு நல்லாத் தேய்ச்சேன். மண்டபத்துக் குத்துவெளக்குகூட இந்த மாதிரி வராது, பாரு.”

குனிந்து பார்த்தேன். எழுத்துகளின் பள்ளத்தில் குங்குமம் அடைத்திருந்தது. விளிம்புகள் மழுங்கியிருக்கின்றனவா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. கோர்ட்டில் இதன் பதிவும் கட்டுமேலிருக்கும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால், அந்தப் பெட்டிகள் அந்த மாடியில் எடுத்தவைதானா என்ற கேள்வி வரும். உறையூர் ஆசிரியரின் வழக்கு என் வீட்டுப் புளியில் கரைந்துவிடும்.

அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் சூடம் காட்டிப் பூஜையை முடித்தாள். அப்புறம், “நல்லதுன்னுதான்டா செஞ்சேன்” என்று மட்டும் சொன்னாள். கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எனக்குக் கிடைத்த மரியாதையை அவளுக்குத் தெரிந்த வழியில் கொண்டாடியிருந்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு உடனே போன் செய்தேன். நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார். “சரி. குங்குமத்தை எடுக்காதீங்க, கழுவாதீங்க, வேற எதுவும் செய்யாதீங்க. அப்படியே சுத்தி வெச்சிருங்க. கோர்ட்டுல கேட்டா உள்ளதைச் சொல்லுங்க.”

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. “ஏன்டா இப்படி மண்டையைக் குழப்பிக்கிற? மெழுகுவத்தியை உருக்கி ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது.”

“முடியாதுப்பா.”

“நாலு பேருக்கு முன்னாடியா அமுக்கச் சொல்றேன்? நம்ம வீட்டுக்குள்ளதானே?”

“நான் ஒரு தடவை அமுக்கிட்டா, இது வேற யாரும் அமுக்காத முத்திரைன்னு கோர்ட்டுல சொல்ல முடியாது.”

அப்பா என்னைப் பார்த்தார். “அப்ப தெரியாமலேவா இருக்கப் போற?”

தெரியாமலே இருந்தேன். மழைக்காலம் போய், பங்குனி வெயில் வந்து, திரும்ப மேகம் கட்டும்வரை. பீரோவைக் கடக்கும்போதெல்லாம் மெழுகுவர்த்தி ஞாபகம் வரும். ஒருநாளும் கை வைக்கவில்லை. படித்து நான் வாங்கிய மதிப்பெண்களைவிட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சம்மன் வந்தது. கோர்ட் மதுரையில். அப்பா மார்க்கெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியோடு கூடவே வந்தார். அம்மாவையும் கூப்பிட்டேன். “நான் பண்ணுன கூத்தை நானே வந்து பாக்கணுமா? போயிட்டு வாங்க” என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

டவாலி என் பெயரை அப்பாவின் பெயரோடு சேர்த்து வராந்தாவில் மூன்று முறை கூவினார். அப்பா தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றுவிட்டார்.

கூண்டில் ஏறி நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். முத்திரையை எடுத்துக் கொடுத்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார்.

“நேத்துதான் கடையில வாங்குன மாதிரி பளபளன்னு இருக்கே?”

“எங்கம்மா புளி போட்டுத் தேய்ச்சாங்க ஐயா. ஆயுத பூஜைக்கு.”

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

“புளி மட்டுந்தானா? உப்பும் போட்டாங்களா?”

“உப்பும் போட்டாங்க ஐயா.”

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். நீதிபதி பேனாவால் மேஜையைத் தட்டினார். வழக்கறிஞர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரி. தேய்ச்சதுல எழுத்து போயிடுச்சோன்னு பயந்திருப்பீங்க. வீட்டுல எதுலயாவது அமுக்கிப் பாத்திருப்பீங்களே?”

“இல்லீங்க ஐயா.”

“ஒரு தடவைகூடவா?”

“அமுக்கிப் பாத்தா நான் அதைப் பயன்படுத்துனதா ஆயிடும் ஐயா. யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னுதான் என்கிட்ட குடுத்தாங்க.”

அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உங்கம்மா பேர் என்ன?”

சொன்னேன்.

“என்ன பண்றாங்க?”

“கல்யாண மண்டபத்துல பாத்திரம் விளக்குறாங்க ஐயா.”

அதையும் தட்டச்சருக்குச் சொல்லி எழுத வைத்தார். பிறகு அரக்கு கொண்டுவரச் சொன்னார். அரக்கு கிடைக்க நேரமானது. கிடைத்ததும் சுடர் ஆடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினார்கள். கோட்டுப் போட்டவர்கள் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. கோர்ட் எழுத்தர் ஒரு சிறு தூரிகையால் குங்குமத்தைத் தட்டிவிட்டு, உருகிய அரக்கின்மேல் முத்திரையை வைத்து அமுக்கினார்.

நீதிபதி லென்ஸை வைத்து மகஜரின் பதிவைப் பார்த்தார். புதிய பதிவைப் பார்த்தார். துணிக்கட்டின்மேல் இருந்ததைப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து பார்த்தார். பிறகு இரு தரப்பு வழக்கறிஞர்களையும் அருகே கூப்பிட்டுக் காட்டினார். எதிர்த்தரப்புக்காரர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி நெடுநேரம் குனிந்திருந்தார். கடைசியில், வேறு கேள்வி இல்லை என்று சொல்லி நகர்ந்தார்.

ஒத்துப்போகிறது என்று நீதிபதி பதிவுசெய்தார். ஓர் எழுத்தும் குறையவில்லை. கட்டுகளைப் பிரித்தார்கள். அந்தக் கறுப்புப் பெட்டிகள் ஆன்டெனாக்களோடு வெளியே வந்தன. “இதுவா?” என்றார்கள். “இதுதான்” என்றேன். முத்திரையை வழக்குப் பொருளாக கோர்ட்டே வைத்துக்கொண்டது. நான் சொன்னதைப் படித்துக் காட்டியதும், ஒவ்வொரு பக்கத்தையும் நானே இன்னொரு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இறங்கும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் காதருகில், “அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க தம்பி” என்றார்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு எப்படி வரும் என்று சொல்ல நான் யார்? என் பங்கு அன்றைக்கு முடிந்தது, பழுதில்லாமல்.

வாசலில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைப் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் முதல் மணியிலேயே வந்தது.

“என்னாச்சு சாமி?”

“எல்லாம் சரியாப் போச்சும்மா. ஒத்துப்போச்சு.”

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சினாள்.

அப்பா குறுக்கே புகுந்தார். “எம் பேரை வாசல்ல வெச்சுக் கூவுனதோட சரி. உம் பேரை ஜட்ஜே கேட்டு, காயிதத்துல அடிச்சு வெச்சிருக்காரு.”

“ஐயையோ! எம் பேரை எதுக்குடா சொன்ன? என்னையும் கூப்பிடுவாங்களா?”

“கூப்பிட்டா போவோம்” என்றார் அப்பா. “அந்த அரக்குப் புடவையை எடுத்து வை.”