சரசக்கா படிக்கச் சொன்ன பின்பக்கம்

லைசென்ஸ் விசாரணையில மொழிபெயர்க்கிறவன் யாருக்காகவும் வாயத் திறக்கலாம், தனக்காக மட்டும் திறக்கக்கூடாது. ராத்திரி ஸ்கூல்ல படிச்ச மலாய் எனக்குப் போட்ட சோறுதான் இந்த வேல. அரசாங்க ஆபீஸ் பெஞ்சில உக்காந்து இடுப்பு பிடிச்சவங்களுக்கு மிச்சத்த நான் சொல்லத் தேவையில்ல.

கடிதாசியோட முதுகு

கிள்ளான் டவுன்ல தோசைக் கடை வச்சிருக்கிறவங்க சரசக்கா. கடைப் புகை தாங்க முடியலன்னு யாரோ புகார் குடுத்து, லைசென்ஸே போற நெலம. வெளிய காத்திருக்கப்ப, விசாரணைக்குக் கூப்பிட்ட கடிதாசிய என்கிட்ட நீட்டுனாங்க. முன்பக்கம் படிச்சிச் சொல்லிட்டு மடிச்சேன். "பின்பக்கம்?"னாங்க. இத்தன வருஷத்துல யாரும் கேட்டதில்ல. புகாரப் பாக்கலாம், சாட்சி கூப்பிடலாம், புகார் குடுத்தவரக் கேள்வி கேக்கலாம்னு பொடி எழுத்துல கெடந்துச்சி. சாட்சி கூப்பிட அக்கா உடனே போன எடுத்தாங்க.

"இவ்ளோ சும்மாவா குடுக்குறாங்க? ஒண்ணு விடாம எடுத்துக்குவோம் லா!"

பேனா

உள்ள போனதும், அந்தம்மா சொல்றத எதையும் விடாம மலாய்ல சொல்லணும்னு விசாரணை அதிகாரி எனக்கு உத்தரவு போட்டாரு. போட்டுட்டு, பேனாவால மேசையத் தட்டிக்கிட்டே இருந்தாரு. "இந்த மனுஷன் அத நிறுத்துனா புண்ணியமாப் போகும், தல வலிக்குது"ன்னு அக்கா முணுமுணுத்தாங்க. உத்தரவு உத்தரவுதானே. சொல்லிட்டேன். பேனா பாக்கெட்டுக்குள்ள போயிருச்சி. அக்கா என் காதுகிட்ட வந்தாங்க.

"தம்பி, அதையுமா சொன்ன?"

பசியாறுன எடம்

போன் போட்டு வரவழச்ச ஏழு வாடிக்கைக்காரங்கள்ல ரெண்டு பேரத்தான் அதிகாரி உள்ள விட்டாரு. புகையே இல்லன்னு சத்தியம் பண்ணாங்க, சட்டையெல்லாம் சாம்பார் வாசம். அடுத்து புகார்த் தாள வாங்கிப் பாத்தா, எழுதுனது பக்கத்து டயர் கடைக்காரரு. அவரையும் கூப்பிட்டாங்க.

"அண்ணே, இன்னிக்குக் காலையில எங்க பசியாறுனீங்க?"ன்னு அக்கா கேட்டாங்க.

அவரு தரையப் பாத்தாரு. "ஒங்க கடையிலதான்."

"புகையில எப்படிண்ணே சாப்பிட்டீங்க?"

"நின்னுக்கிட்டு! என் மேசைய ஒரு வாரமா வேற ஆளுக்குக் குடுக்குறீங்க!"

இதையும் ஒண்ணு விடாம சொன்னேன். அதிகாரி பாக்கெட்டுலேர்ந்து பேனாவ எடுத்தாரு. அப்புறம், புகைக்குழாய உயரமா வைக்கணும், லைசென்ஸ் இருக்கட்டும்னு எழுதிட்டாரு. அக்காவுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சி. டயர் கடைக்காரருக்கும்தான்.

"அப்ப நாளைக்குக் கடை உண்டுதானே, அக்கா?"ன்னு அவரு கேட்டாரு.

அன்னிக்கு அந்த ரூம்ல எல்லாரும் கேக்க வேண்டியதக் கேட்டுட்டாங்க, எனக்கும் ஒரு தோசை வேணும்னு கேக்கத்தான் அந்தக் கடிதாசியோட ரெண்டு பக்கத்துலயும் எடமில்ல.