மைக்கில் சொல்லாமல் விட்ட புள்ளி

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணித ஆசிரியை. உதவிப் பொருட்கள் கொடுக்கும் கூட்டம் என்றால் மைக் என் கையில்தான் இருக்கும். எனக்குக் குரலும் நல்லது, வாயும் நீளம்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து சிலர் புத்தகப் பையும் சப்பாத்தும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் மேடைக்கு அழைக்கும்போது வீட்டு நிலைமையை இரண்டு வரியில் சொல்வது எங்கள் வழக்கம். கேட்பவர்கள் மனம் இளகி அடுத்த வருடமும் வருவார்கள். பதினோராம் தரத்து ரேணுகாவை அழைத்தேன். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், அம்மா கொழுந்து பறித்துத்தான் மூன்று பிள்ளைகளையும் பார்க்கிறார், சில நாள் இவள் சாப்பிடாமல்தான் வருவாள் என்று உருக்கமாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. சாதாரண தர அரசாங்கப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. கொழும்பில் கடை வேலைக்குப் போகப்போகிறாள் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு வாங்கிக் கொடுத்தும் இப்படியா என்று முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் இருந்த லயத்து வீட்டுக்குப் போனேன்.

அவள் அம்மா உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். கொழுந்து கொறஞ்சா காலையில பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப எல்லாருக்கும் முன்னுக்கு கங்காணி பேரச் சொல்லி ஏசுவாரு. ஆனா எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சிச்சா இல்லையான்னு அவருகூட ஒரு நாளும் பேசுனதில்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளேயிருந்து ரேணுகா வந்தாள்.

"கணக்குல நான்தானே டீச்சர் முதலாவது. அத ஏன் நீங்க சொல்லல?"

விடைத்தாளுக்குப் புள்ளி போட்டவளே நான்தான். மேடையில் அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

"நான் செஞ்சது பிழைதான்" என்றேன் இருவரிடமும்.

அம்மா மகளைப் பார்த்தார். "கொழும்புக்குப் போறதும் பள்ளிக்கூடம் போறதும் ஒன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தாள். பின்னேர வகுப்பில் கணக்குக்குத் தடுமாறும் ஆறு பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்து, பாட நேரசூசியில் அவள் பெயரை எழுதி ஒட்டினேன். காலையில் பரீட்சை வகுப்பு முழுவதற்கும் கடலை அவித்துக் கொடுத்தோம். யாருக்குத் தேவை என்று பட்டியல் எடுக்கவில்லை. அவள் பரீட்சை எழுதினாள், உயர்தர வகுப்புக்கும் போனாள்.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். கொடுப்பதை அறைக்குள் வைத்துக் கொடுங்கள். மேடைக்குக் கூப்பிட்டால் பிள்ளை எதில் கெட்டி என்று சொல்லுங்கள்.

இது எனக்கு விளங்க இருபத்திரண்டு வருட சேவை ஆயிற்று. அதற்கு முன் படிப்பை விட்டு இடையில் நின்றவர்களில் எத்தனை பேர் என் பேச்சால் நின்றார்களோ, தெரியாது. அவர்கள் வீட்டுக்கு நான் போனதில்லை.